கண்ணால் மவுஸை ஓட்டலாமா? மூக்கிலிருந்து தொடங்குங்கள்

சாவகச்சேரியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். வளவுத் தென்னையில் தேங்காய் பறிக்க ஏறி விழுந்த சித்தப்பாவுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவு இல்லை. தலையை இரண்டு பக்கமும் திருப்புவார், கொஞ்சம் மேலும் கீழும் அசைப்பார். குரல் மிகவும் மெல்லியது. வீட்டில் இருக்கும் பழைய லப்டொப்பின் கமராவை வைத்து, பைத்தன் மொழியிலும், முகத்தின் புள்ளிகளைப் படத்தில் கண்டுபிடித்துத் தரும் மீடியாபைப் என்ற நிரற்தொகுப்பிலும், கண் போகும் பக்கம் அம்புக்குறி போகும்படி நிரல் எழுதினீர்கள். அது நடுங்குகிறது, ஒரு இடத்தில் நிற்கவில்லை. எந்த அல்கோரிதம் போட்டால் நடுக்கம் நிற்கும் என்பது நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் உங்கள் பதிவின் கடைசி வரியில் வேறொன்று இருக்கிறது: கனடாவில் இருக்கும் மகனுக்கு, பக்கத்தில் யாரும் உட்கார்ந்து எழுதித் தராமல், அவரே ஒரு மெசேஜ் போட வேண்டும். அந்தக் கடைசி வரிக்குத்தான் நான் பதில் எழுதுகிறேன். முடியும். இருக்கிற லப்டொப்பிலேயே முடியும். ஆனால் கண்ணை இப்போதைக்கு விட்டுவிட்டு மூக்கைப் பிடியுங்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடமாகக் கணினிப் பார்வை சம்பந்தப்பட்ட வேலை செய்கிறேன். இந்த மாதிரி அமைப்புகளை ஏழெட்டு வீடுகளில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சில இன்றும் ஓடுகின்றன, சில ஒரு மாதத்தில் மூலைக்குப் போய்விட்டன. கீழே சொல்வது அதிலிருந்து வருகிறது.

கண் ஏன் சரிவராது என்பதை முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, வெறும் வடிவகணிதம். பழைய லப்டொப் கமரா 640க்கு 480 பிக்சல், பார்வை அகலம் ஏறக்குறைய 60 பாகை என்று வைத்துக்கொள்வோம். முகம் 60 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்தால், அந்த இடத்தில் கமரா பார்க்கும் அகலம் 69 சென்ரிமீற்றர். அதாவது ஒரு சென்ரிமீற்றருக்கு ஒன்பது பிக்சல். பெரியவர்களின் கருவிழி வட்டம் குறுக்காகக் கிட்டத்தட்ட 12 மில்லிமீற்றர். அது உங்கள் படத்தில் வெறும் பதினொரு பிக்சல். 15.6 அங்குலத் திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை பார்க்க கண் 32 பாகை அளவு சுழல வேண்டும். அந்தச் சுழற்சிக்குக் கருவிழியின் நடு நகர்வது ஐந்தரை மில்லிமீற்றர். பிக்சலில் சொன்னால் ஐந்து. முழுத் திரையையும் ஐந்து பிக்சலுக்குள் மடித்து வைத்துவிட்டு, அதை மறுபடி 1366 பிக்சல் அகலத்துக்கு விரிக்கிறீர்கள். கருவிழியை மதிப்பிடுவதில் அரைப் பிக்சல் தவறினாலே அம்புக்குறி நூற்றுமுப்பது பிக்சலுக்கு மேல் தாவும். உங்கள் நிரலில் பிழை இல்லை. கமரா தராத தகவலை நிரல் எங்கிருந்து எடுக்கும்?

கமராவை மாற்றினாலும் கண்ணின் இயல்பு மாறாது. கண் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவும், கால் செக்கன் அளவு நிற்கும், மறுபடி தாவும். நிற்கும்போதும் சின்னதாக அதிர்ந்துகொண்டே இருக்கும். விழித்திரையில் கூர்மையாகத் தெரியும் பகுதியே ஒன்றிரண்டு பாகை அகலம் உள்ளது. 60 சென்ரிமீற்றரில் ஒரு பாகை என்றால் திரையில் ஒரு சென்ரிமீற்றர். ஆகவே ஒரு சின்னப் பொத்தானின் எந்த மூலையை ஒருவர் பார்க்கிறார் என்பது, எவ்வளவு நல்ல கருவி வைத்தாலும், ஒரு எல்லைக்கு மேல் தெரியாது. அகச்சிவப்பு வெளிச்சத்தைக் கண்ணில் விழவைத்து, கருவிழியில் தெறிக்கும் புள்ளிக்கும் கண்மணியின் நடுவுக்கும் உள்ள இடைவெளியை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. அவற்றின் பிழை அரைப் பாகையிலிருந்து ஒரு பாகைக்குள் இருக்கும். அது வேறு வகைக் கருவி. உங்களிடம் உள்ள கமராவோடு அதை ஒப்பிட்டு மனம் சலிக்க வேண்டாம்.

இப்போது மூக்குக்கு வருவோம். தலை திரும்பும் அச்சிலிருந்து மூக்கு நுனி 12 சென்ரிமீற்றர் அளவு முன்னால் இருக்கிறது. சித்தப்பா இரண்டு பக்கமும் 15 பாகை மட்டும் திருப்பினாலே மூக்கு ஆறு சென்ரிமீற்றர் நகரும். அதே கமராவில் அது ஐம்பத்தைந்து பிக்சலுக்கு மேல். கண்ணைவிடப் பத்து மடங்கு தகவல், ஒரு சதம் செலவில்லாமல். இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் மார்கிரிட் பெட்கே, ஜேம்ஸ் கிப்ஸ், பீட்டர் ஃப்ளெமிங் என்ற மூவர் 'கமரா மவுஸ்' என்ற பெயரில் செய்து 2002இல் ஆய்வுக்கட்டுரையாகவே வெளியிட்டார்கள். மூக்கு நுனி போன்ற ஒரு சின்னத் துண்டைப் படத்தில் தெரிவுசெய்து, அடுத்தடுத்த படங்களில் அந்தத் துண்டு எங்கே போனது என்று தேடும் முறை. கையை அசைக்க முடியாத பிள்ளைகள் அன்றைய கணினிகளிலேயே அதை வைத்துச் சொற்களை எழுதினார்கள். இன்று உங்களிடம் இருக்கும் மீடியாபைப் முகத்தில் 478 புள்ளிகளைத் தருகிறது. அதில் 1ஆம் இலக்கப் புள்ளி மூக்கு நுனி. வேலை இன்னும் இலகு.

ஆனாலும் நிரல் எழுதுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். தலை அசைவால் அம்புக்குறியை ஓட்டும் கமரா மவுஸ், ஏனேபிள் வியாகேம் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். ஏதாவது ஒன்றை இன்றைக்கே நிறுவி, ஒரு கிழமை சித்தப்பாவிடம் விடுங்கள். பல்கலைக்கழக மாணவர்கள் இறுதி ஆண்டுச் செயற்திட்டத்துக்கு என்னிடம் வரும்போதும் இதையேதான் சொல்கிறேன். ஏற்கெனவே இருக்கிற ஒன்றை ஆள் பாவித்துப் பார்த்தால்தான் எது குறை என்று தெரியும். அந்தக் குறையைத் தீர்க்க உங்கள் நிரலை எழுதுங்கள். முதலிலேயே எல்லாவற்றையும் எழுதப் போனால் ஆறு மாதம் போகும், அதுவரை சித்தப்பா காத்திருக்க வேண்டும்.

சரி, நீங்களே எழுதுவது என்று வரும்போது நடுக்கத்துக்கு என்ன மருந்து? கடைசிப் பத்துப் படங்களின் சராசரியை எடுப்பது எல்லாரும் முதலில் செய்வது. நடுக்கம் குறையும், ஆனால் அம்புக்குறி பின்னால் இழுபடும். கமரா செக்கனுக்கு 30 படம் தந்தால் பத்துப் படம் என்பது மூன்றில் ஒரு பங்கு செக்கன். தலையைத் திருப்பி நிறுத்திய பிறகும் அம்புக்குறி ஓடிக்கொண்டே இருந்தால் அவர் திரும்பவும் எதிர்ப்பக்கம் திருப்புவார், அது தாண்டிப் போகும், கழுத்து நோகும். இதற்கு 2012இல் கசியே, ரூசெல், வோகெல் என்ற மூவர் எழுதிய 'ஒன் யூரோ' வடிகட்டியைப் போடுங்கள். நாற்பது ஐம்பது வரி நிரல்தான். அசைவு மெதுவாக இருந்தால் நன்றாக மழுப்பும், வேகமாக இருந்தால் விட்டுவிடும். மனிதக் கை, தலை எல்லாவற்றுக்கும் இது பொருந்துவதற்குக் காரணம், நாங்கள் வேகமாகப் போகும்போது நடுக்கத்தைக் கவனிப்பதில்லை, இலக்கை நெருங்கி மெதுவாகும்போது தாமதத்தைக் கவனிப்பதில்லை. அதில் இரண்டு எண்கள் மட்டும் மாற்ற வேண்டும்: மெதுவான அசைவில் எவ்வளவு மழுப்புவது என்று தீர்மானிக்கும் குறைந்த வெட்டு அதிர்வெண், வேகம் கூடும்போது மழுப்பலை எவ்வளவு விடுவது என்று தீர்மானிக்கும் பீற்றா. முதலில் பீற்றாவைச் சுழியத்தில் வைத்து, குறைந்த வெட்டு அதிர்வெண்ணை 1 ஹேர்ட்ஸிலிருந்து, தலை அசையாமல் இருக்கும்போது நடுக்கம் போகும்வரை குறையுங்கள். பிறகு பீற்றாவைக் கூட்டிக்கொண்டே வந்து, வேகமாகத் திருப்பும்போது இழுபடாத இடத்தில் நிறுத்துங்கள். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். இதை உங்கள் தலையை வைத்துச் செய்யாமல் அவருடைய தலையை வைத்துச் செய்யுங்கள்.

அடுத்தது வெளிச்சம். அனுபவத்தில் நான் அதிகம் அடிபட்டது இங்கேதான். சில வருடங்களுக்கு முன் கோப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு, என் மேசையில் இரவு பத்து மணிக்கு அருமையாக ஓடிய ஒரு அமைப்பைக் கொண்டுபோனேன். பின்னேரம் மூன்று மணி. ஐயா விறாந்தைப் பக்கம் பார்க்க முடியாமல், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கும்படி கட்டிலில் சாய்ந்திருந்தார். வெளியே வெள்ளை மதில், அதில் வெயில். கமரா அந்த மதிலுக்குத் தன் வெளிச்ச அளவைச் சரிசெய்தது. ஐயாவின் முகம் ஒரு கறுத்த வட்டமாகத்தான் திரையில் தெரிந்தது. மூக்கும் இல்லை, வாயும் இல்லை. நான் ஜன்னலுக்கு ஒரு சீலையைக் கட்டி, ரியூப் லைட்டைப் போட்டேன். இப்போது முகம் தெரிந்தது, ஆனால் படத்தில் மெல்லிய கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஊர்ந்தன. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ரியூப் லைட் செக்கனுக்கு நூறு தடவை மினுங்கும். கமரா 60 ஹேர்ட்ஸ் நாட்டுக்கு ஏற்றபடி வைக்கப்பட்டிருந்தது. அமைப்பில் மின் அதிர்வெண்ணை 50க்கு மாற்றியதும் பட்டைகள் மறைந்தன. ஒரு சின்னத் தெரிவு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுப் பின்னேரம் போனது, ஐயா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே கட்டிலையோ கதிரையையோ ஜன்னலைப் பார்த்தபடி திருப்புங்கள், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் வரவே கூடாது. இரவில் லப்டொப்புக்குப் பக்கத்தில் ஒரு மேசை விளக்கைச் சுவரில் படும்படி வையுங்கள், நேரே கண்ணில் அடிக்காமல். இருட்டில் பல கமராக்கள் தாங்களாகவே செக்கனுக்கு 15 படமாகக் குறைத்துவிடும், உங்கள் வடிகட்டியின் எண்கள் எல்லாம் அப்போது பிழையாகிவிடும். நிரலில் படத்துக்குப் படம் உண்மையான நேர இடைவெளியை அளந்து கொடுங்கள், முப்பதில் ஒன்று என்று எழுதி வைக்காதீர்கள். எங்கள் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜோய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்கள் வெளிர் நிற ஆண்களில் அதிகபட்சம் 0.8 வீதம் தவறு விட்டன. கறுத்த நிறப் பெண்களில் 34.7 வீதம் வரை தவறு விட்டன. அது மூக்கைப் பின்தொடர்வது பற்றிய ஆய்வு அல்ல, அந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் வேறு முகங்களை வைத்துப் பழக்கிய ஒன்றை எங்கள் வீட்டு வெளிச்சத்தில், எங்கள் முகத்தில் சோதிக்காமல் நம்பக் கூடாது என்பதற்கு அது போதும்.

அம்புக்குறி இப்போது நடுங்காமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அமத்துவது, அதாவது கிளிக் செய்வது, எப்படி? இந்த இடத்தில்தான் பல அமைப்புகள் மூலைக்குப் போகின்றன. மேலே சொன்ன அதே ஐயாவுக்கு நான் முதலில், அம்புக்குறி எதன்மேல் அரைச் செக்கன் நின்றாலும் அது அமத்தப்படும்படி வைத்தேன். பேப்பர் வாசிக்கத் தொடங்கினார். வாசிக்கும்போது தலை நிற்கும் அல்லவா? நின்ற இடமெல்லாம் ஏதோ திறந்தது, ஏதோ மூடியது. "தம்பி, நான் ஒண்டையும் சும்மா பாக்கேலாதோ?" என்று கேட்டார். தொட்டதெல்லாம் பொன்னாகிச் சாப்பிடவும் முடியாமல் போன மைடாஸ் ராசாவின் பெயரில் இந்தத் துறையில் இதற்கு ஒரு பெயரே உண்டு. பார்வையால் கணினியை இயக்குவது பற்றி 1990ஆம் ஆண்டளவில் எழுதிய ரொபர்ட் ஜேக்கப் அதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். அன்றைக்குப் பிறகு நான் இரண்டு மாற்றம் செய்தேன். நிற்கும் நேரத்தை ஒரு செக்கனுக்கு மேல் கூட்டினேன். திரையின் மேல் வலது மூலையில் 'ஓய்வு' என்று ஒரு பெரிய கட்டம் வைத்தேன். அதில் நின்றால் எல்லா அமத்தலும் நின்றுவிடும், மறுபடி அதில் நின்றால் தொடங்கும். ஐயா அதற்குப் பிறகுதான் அதைத் தன்னுடைய பொருளாக எடுத்துக்கொண்டார். நிறுத்தும் அதிகாரம் பாவிப்பவர் கையில் இருக்க வேண்டும்.

கண் சிமிட்டி அமத்தலாம் என்று யூடியூப்பில் பார்த்திருப்பீர்கள். 2016இல் சொகுபோவாவும் செக்கும் எழுதிய முறை அது: கண்ணைச் சுற்றி ஆறு புள்ளிகள், உயரத்தை அகலத்தால் வகுத்தால் வரும் விகிதம், அது விழுந்தால் கண் மூடியிருக்கிறது. முறை சரிதான். ஆனால் நாங்கள் சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்குப் பதினைந்து இருபது தடவை சிமிட்டுகிறோம், ஒவ்வொன்றும் அரைச் செக்கனுக்கு உள்ளே. ஆகவே அதைவிட நீளமான சிமிட்டலை மட்டும்தான் கட்டளையாக எடுக்க முடியும். திரையின் அடிப்பக்கத்தைப் பார்க்கும்போது இமை தானாகவே தாழும், விகிதம் விழும். உங்கள் எழுத்துப் பலகை இருப்பதோ அடிப்பக்கத்தில். எனக்கு இது ஒருபோதும் நம்பிக்கையாக அமையவில்லை. வாயைத் திறப்பது, புருவத்தை உயர்த்துவது இரண்டும் சிலருக்கு நன்றாக வந்தன. சித்தப்பாவுக்கு எது வரும் என்பதை அவரோடு இருந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். ஸ்டீபன் ஹோக்கிங் கடைசிக் காலத்தில் கன்னத்தில் ஒரு தசையின் அசைவை மட்டும் வைத்து, கண்ணாடியில் பொருத்திய அகச்சிவப்பு உணரியால் எழுதினார். களைக்காத, தவறாத ஒரே ஒரு அசைவு இருந்தால் போதும். அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

இனி எழுத்துப் பலகை. கனடாவுக்கு மெசேஜ் போவது இதில்தான் தங்கியிருக்கிறது. போல் ஃபிட்ஸ் 1954இல் சொன்ன விதி இன்றும் பொய்க்கவில்லை: இலக்கு சிறிதாகவும் தூரமாகவும் இருந்தால் அதை அடையும் நேரம் கூடும். தலையால் ஓட்டுபவருக்கு இது இன்னும் கடுமையாகத் தெரியும். 247 எழுத்தையும் திரையில் பரப்பினால், பக்கவாட்டில் பத்தொன்பது, மேலிருந்து கீழே பதின்மூன்று கட்டம். முழுத் திரையையும் எடுத்துக்கொண்டாலும் ஒரு கட்டம் இரண்டு சென்ரிமீற்றர்கூட வராது, எழுதியதைப் பார்க்க இடமும் இல்லை. இங்கே எங்கள் மொழியே கைகொடுக்கிறது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், மொத்தம் 31. க வை எடுத்து இ யை எடுத்தால் கி. தமிழ்99 விசைப்பலகை இந்த முறைப்படிதான் அமைந்தது. அதில் இன்னொரு நல்ல விஷயம், ஒரே மெய்யை இரண்டு தடவை எடுத்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். ங வுக்குப் பின் க, ந வுக்குப் பின் த வந்தாலும் அப்படியே. 'தங்கச்சி' என்று எழுத எத்தனை தெரிவு மிச்சமாகிறது என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் ரெங்கநாதன் என்ற விசைப்பலகை அமைப்பில் தட்டச்சுப் பழகியிருப்பீர்கள் போலும். பத்து விரலுக்கு அது நல்லது, ஒரு மூக்குக்கு உதவாது.

பக்கவாட்டில் ஒன்பது, மேலிருந்து கீழே நான்கு, ஆக 36 கட்டம். திரையின் கீழ்ப்பாதியை மட்டும் எடுத்தாலே ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3.8க்கு 2.4 சென்ரிமீற்றர் வரும். எழுத்துகளுக்கு 31 போக மீதி ஐந்தில் இடைவெளி, அழி, அனுப்பு, ஜ ஷ ஸ ஹ வுக்கான அடுத்த பக்கம், அப்புறம் ஒரு மணி. அந்த மணிக் கட்டத்தை மறக்க வேண்டாம். அதில் நின்றால் லப்டொப் சத்தமாக ஒலித்து ஆளைக் கூப்பிட வேண்டும். ஆனால் கரண்ட் போனால், லப்டொப் உறைந்தால் அந்த மணி அடிக்காது. ஆகவே அவரைத் தனியே விட்டுவிட்டுப் போவதற்கு அதை ஒரு துணையாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. வேகம் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தெரிவுக்கு, போய்ச் சேர ஒரு செக்கன், நிற்க ஒரு செக்கன் என்று வைத்தால், ஒரு உயிர்மெய்க்கு நான்கு செக்கன். நிமிடத்துக்கு மூன்று சொல் வந்தால் நல்ல நாள். அடிக்கடி எழுதும் சொற்களை மேலே ஒரு வரிசையில் வைத்தால் கூடும். மகனின் பெயர், "சாப்பிட்டியா", "அங்க குளிரா" போன்றவை முழுதாக அங்கே இருக்கட்டும்.

கழுத்தைப் பற்றி நான் சொல்வதற்கு எல்லை உண்டு. நான் வைத்தியர் இல்லை. முள்ளந்தண்டில் காயப்பட்டவர், எத்தனை பாகை திருப்பலாம், எத்தனை நிமிடம் செய்யலாம் என்பதை அவரைப் பார்க்கும் வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ கேட்ட பிறகுதான் தொடங்க வேண்டும். நான் போன வீடுகளில் முதல் கிழமை பத்து நிமிடத்துக்கு மேல் வைத்ததில்லை. அசைவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பெருக்கியை உயர்த்தி வைத்தால் குறைந்த திருப்பலிலேயே திரை முழுதும் போகலாம், ஆனால் நடுக்கமும் பெருகும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

தலை அசைவு பிறகு குறைந்தால் என்ன செய்வது என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அப்போது அகச்சிவப்புக் கருவியைப் பற்றி யோசிக்கலாம். வெளிநாட்டில் இருக்கிற உறவினர் யாராவது பழைய ஐஃபோன் அனுப்ப இருந்தால், ஐஃபோன் 12 அல்லது அதற்குப் பிந்தியதாகப் பார்த்து அனுப்பச் சொல்லுங்கள். 2024இல் வந்த ஐஓஎஸ் 18இலிருந்து அவற்றில் கண்ணால் இயக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. அதன் கணிப்பும் திரையில் பெரிய பொத்தான்களை வைத்துத்தான் பயன்படும், நான் மேலே சொன்ன கண்ணின் இயல்பு அங்கேயும் அதேதான்.

இன்றைக்கே செய்யக்கூடியது: லப்டொப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சோதிக்காமல், அவர் வழமையாகச் சாய்ந்திருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். கமரா அவருடைய மூக்கு உயரத்துக்கு வரும்படி கீழே புத்தகங்களை அடுக்குங்கள். அவர் சாய்ந்திருந்தால் திரையையும் அதே அளவு சாய்த்து வையுங்கள். காலை ஒன்பது மணிக்கு ஒரு தடவை, பின்னேரம் நான்கு மணிக்கு ஒரு தடவை, இரவு விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம். முகம் எத்தனை தடவை தொலைந்தது, எத்தனையாவது நிமிடத்தில் கழுத்துக் களைத்தது, எந்த மூலைக்குப் போக அவர் கஷ்டப்பட்டார் என்பதை எழுதி இதற்குக் கீழே போடுங்கள். வடிகட்டிக்கும் பெருக்கிக்கும் எந்த எண்களில் தொடங்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.